குறைகள்: நெற்றியில் ஒரு பொட்டு

போன மாதம், நான் முப்பது வருடம் வேலை பார்த்த கடைக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள். கண் ஒத்துழைக்க மறுத்ததால் ஐம்பத்தெட்டு வயதிலேயே ஓய்வெடுத்துக்கொண்டவன் நான். இப்போது அங்கே வேலை செய்யும் இரண்டு இளையவர்களுக்கும் பழைய முறைகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிகரெட் அட்டைகள் இன்று அமெரிக்காவிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டு, தரத்துக்கு ஓர் இலக்கம் ஒட்டப்பட்டு வருகின்றன. இவர்கள் அந்த இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அட்டையின் மணம்கூட இவர்களுக்குத் தெரியாது.

தண்ணீர், பாரம், காற்று என்ற மூன்றையும் நான் விளக்கி முடித்தபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள்: நீங்கள் எப்போதாவது ஓர் அட்டையைப் பழுதாக்கியிருக்கிறீர்களா?

நான் தண்ணீர் குடித்தேன். பிறகு, மகள் வெளியே காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி எழுந்துவிட்டேன். மகள் அப்போது வேறொரு நகரத்தில் தன் அலுவலகத்தில் இருந்தாள். அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதைக் காலையிலேயே மூன்று முறை கேட்டு உறுதிப்படுத்தியிருந்தேன். அவளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மூன்று முறையும் டேனிஷ் மொழியில்தான் பதில் சொன்னாள்; மூன்றாவது முறை கொஞ்சம் கோபமான டேனிஷ்.

அந்தக் கேள்விக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். அந்த இரண்டு இளையவர்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதுதான் என் துணிவு.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு பாடசாலையின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் உதவியாளனாக இருந்தவன். எண்பதுகளின் பிற்பகுதியில் டென்மார்க் வந்து சேர்ந்து, தங்க அனுமதி கிடைத்து, கோப்பன்ஹேகன் புறநகரான புரொண்பியில் ஒரு மாடி வீட்டில் சிவபாதம் அண்ணையோடு குடியிருந்தேன். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. நான் கத்தோலிக்கன், அவர் சைவம். எங்களை ஒன்றாக்கியது தபாற்பெட்டி. அவருடைய மனைவியும் இரண்டு பொடியன்களும் ஊரில். என் மனைவி றெஜினாவும் மூன்று வயதில் நான் விட்டுவந்த மகள் ஜெசிந்தாவும் ஊரில். குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பங்கள் ஏதோ ஒரு மேசையில் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. பிற்காலத்தில் அதுவே தமிழர் வழக்கு என்று பெயரெடுத்து ஓர் அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. எங்களுக்கு அப்போது அது வழக்கு இல்லை. வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்து ஒரு தடவை, சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை திறந்து பார்க்கிற தகரப் பெட்டி, அவ்வளவுதான்.

கடை கோப்பன்ஹேகனில் ஒரு பக்கத் தெருவில், தெருவிலிருந்து நான்கு படி கீழே இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. தபால் முத்திரை, நாணயம், பழைய தபாலட்டைகள். நான் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். முதலாளி ஹோல்கர், நான் கண்ணாடிக் குடுவை ஒன்றை அதன் கழுத்தில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துத் துடைப்பதைக் கண்டு, அடுத்த நாளே தும்புத்தடியை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பின்னறைக்கு அனுப்பினார். என் பயிற்சிக் காலம் அந்தப் பின்னறையில் ஒரு வருடம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெறுமதியில்லாத அட்டைகளை நனைத்து நனைத்து நாசமாக்கினேன்.

ஹோல்கரின் உயிர் ஒரே ஒரு சாமானில் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்க சிகரெட் பெட்டிகளுக்குள், பெட்டி நசியாமல் இருக்க ஒரு சின்ன அட்டை வைப்பார்கள். அதில் பேஸ்போல் ஆட்டக்காரர் ஒருவரின் புகைப்படம் ஒட்டியிருக்கும். கடவுச்சீட்டுப் படத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன டேனிஷ்காரர்கள் வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்குள் இதை வைத்து அனுப்பியிருப்பார்கள். வீட்டிலுள்ளவர்கள் அல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் அந்த அட்டைக்காகத் தவம் கிடப்பார்கள். பேஸ்போல் எப்படி ஆடுவது என்று ஹோல்கருக்குச் சரியாகத் தெரியாது. எனக்கு அறவே தெரியாது. விக்கெற்றைத் தொலைத்துவிட்ட கிரிக்கெற் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

படங்களெல்லாம் ஸ்ரூடியோவுக்குள் எடுத்தவை. பின்னால் திரையில் வரைந்த மரங்கள். ஆட்டக்காரர் பெரிய மீசையோடு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி நிற்பார். அவர் பிடிக்கப்போகும் பந்து கூரையிலிருந்து நூலில் தொங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நூல் தெரியும்.

அல்பத்திலிருந்து அட்டையை எடுப்பதற்கு மூன்று நாள். முதல் நாள் தண்ணீர்: உடம்புச் சூட்டில், தட்டையான தட்டில், பசை தானாக விடும் வரைக்கும். இழுக்கக் கூடாது. இரண்டாம் நாள் பாரம்: ஒற்றுத்தாள் இரண்டுக்கு நடுவே, மேலே நான்கு தடித்த விலைப்பட்டியல் புத்தகங்கள். மூன்றாம் நாள்தான் ஹோல்கரின் சொந்தக் கண்டுபிடிப்பு. அட்டையைச் சின்ன மரத் தாங்கியில் நிமிர்த்தி, மூடாமல், ஒரு முழு நாள் வைக்கவேண்டும். 'அறையோடு பழகட்டும்' என்பார். அட்டை பழகும் வரைக்கும் நாங்கள் மெதுவாகக் கதைப்போம்.

அதன்பிறகு அட்டையோடு கூடப் போகும் விவரத் துண்டு எழுதவேண்டும். தடித்த தாளில் நான்கு வரி: காண்பது, காலம், குறைகள், காரணம். அடியில் சிவப்பு மையில் அச்சடித்த ஒரு கட்டளை: திருத்த முயலாதே. மடிப்போ கறையோ இருந்தால் எழுது, மறைக்காதே, சுரண்டாதே. ஏன் வந்தது என்று தெரியாவிட்டால் 'காரணம் தெரியாது' என்று எழுது, ஊகிக்காதே.

துண்டு எழுத அவர் என்னைப் பழக்கியது என் சட்டைப்பையில் இருந்த ஜெசிந்தாவின் படத்தை வைத்து. விண்ணப்பத்துக்காக எடுத்த படத்தின் பிரதி. பார்த்து எழுது என்றார். 'பெண் குழந்தை, மூன்று வயது' என்று எழுதினேன். ஹோல்கர் பேனையை வாங்கி மூன்று வயதை வெட்டினார். அது படம் எடுத்த அன்று. இன்று அவளுக்கு என்ன வயது, எப்படி இருக்கிறாள் என்பது இந்தப் படத்தில் இல்லை. படத்தில் இல்லாததை எழுதாதே என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அவர் எதையுமே கடுமையாகச் சொல்வதில்லை. அதுதான் ஆபத்து. நான் பிழை விட்டால் அவர் கோப்பி போடுவார். பிழையின் அளவுக்கு ஏற்பப் பக்கத்தில் ஏதாவது வரும். ஒரு மூலை மடங்கினால் பிஸ்கற். முத்திரை கிழிந்தால் பேக்கரியிலிருந்து இனிப்பு ரொட்டி. ஒருமுறை ஒரு மந்திரியின் கையெழுத்தை ஊறவைத்து முழுதாகக் கரைத்துவிட்டேன். அன்று கிறீம் வைத்த கேக் வந்தது. சாப்பிட்டு முடிந்த பிறகு, பிழையை அமைதியாக ஆதி முதல் அந்தம் வரை விளக்குவார். இன்றைக்கும் எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் கேக் வெட்டும்போது என் கை தானாகப் பின்னுக்குப் போகும்.

அதே ஹோல்கர்தான் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, இரண்டு விரலால் தட்டச்சு செய்து, என் குடும்பத்தின் கோப்பு என்ன ஆனது என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். நான் கேட்கவில்லை. கடை முகவரியும் கையொப்பமும் உள்ள டேனிஷ்காரர் ஒருவரின் கடிதம். எனக்கு அந்த நாட்டில் இருந்த ஒரே பிடி அது. சிவபாதம் அண்ணை முதலாம் திகதிகளில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மனுசன் கடிதம் அடிச்சிட்டாரோ?" என்பதுதான். அவருடைய கோப்பும் அதே மேசையில் என்பதால், என் கோப்பு அசைந்தால் அவருடையதும் கொஞ்சம் அசையும் என்பது அவருடைய கணக்கு.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன்.

கடல் தாண்டி ரண்டர்ஸ் நகரத்திலிருந்து இங்கர் என்ற எண்பது வயது அம்மையார் ஒரு பழைய அல்பத்தை விற்கச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பது அட்டைகள். எட்டு சாதாரணம். ஒன்பதாவதைக் கண்டதும் ஹோல்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். அமெரிக்காவில் ஒருவர் அந்த மீசைக்காரரைப் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அட்டையின் கீழ்விளிம்பில் மட்டும் ஒரு பழைய மெழுகுக் கறை. மறக்காமலிருக்கத் துண்டை அப்போதே தொடங்கி, குறைகள் என்ற வரியில் அதை எழுதினேன். காரணம் தெரியாது என்றும் எழுதினேன்.

தை மாதம். தண்ணீர் முடிந்து, பாரம் முடிந்து, காற்று வைக்கவேண்டிய வெள்ளிக்கிழமை கடையின் வெப்பமூட்டி நின்றுபோனது. ஹோல்கர் ஹம்பேர்க்கில் ஒரு சந்தைக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். பின்னறையில் மூச்சு விட்டால் புகை தெரிந்தது. சுவரில் ஈரம் கசிந்தது. அட்டை எதோடு பழகும்? ஹோல்கரின் கையில் அல்லாமல் ஓர் அட்டை கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். நான் பயந்தவன். சட்டத்தை மீறப் பயம். ஈரத்தில் அட்டையை விட்டுப் போகவும் பயம். இரண்டு பயத்தில் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். வெண்ணெய் பிஸ்கற் ரின் ஒன்றைத் துடைத்து, பஞ்சு வைத்து, அட்டையை எஸ்-றெயின் என்கிற புறநகர் றெயினில் மடியில் வைத்துக்கொண்டு புரொண்பிக்கு வந்தேன். எதிரே இருந்த பெண்மணி ரின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கும்போது நான் அவருக்கு பிஸ்கற் கொடுக்கவில்லை என்ற வருத்தம் அவர் முகத்தில் இருந்தது.

எங்கள் வீட்டு முன்னறையில், வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுவர்த்தட்டு இருந்தது. ஒரு கரையில் என் அந்தோனியார் சுரூபமும் றெஜினா, ஜெசிந்தா படமும். மறு கரையில் அண்ணையின் பிள்ளையாரும் முருகனும். நடுவில் வெறுமை. நடுவில் தாங்கியை வைத்து மீசைக்காரரை நிறுத்தினேன்.

அண்ணைக்கு அந்தக் கிழமை சனி வரைக்கும் பின்னேர வேலை. நாங்கள் இரண்டு பேரும் சந்தித்துக் கதைக்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். சனிக்கிழமை நான் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்தார். திரும்பிப் போய், மறுபடி வந்து நிற்பதைப் பார்த்தார். சோறு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்தார். ஞாயிறு காலை வெள்ளை உடுப்புப் போட்டுத் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போனதையும் பார்த்தார்.

பூசை முடிந்து வந்தபோது அண்ணை வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்னறையில் நின்றார். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்னட்டைச் சொல்லியிருக்கலாம் நீர்."

"என்னண்ணை?"

"அப்பாவின்ர விசயம்."

ஊரிலிருந்து அவருக்கு யாரோ தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கினேன். அண்ணை முதுகைத் தடவினார். "அழும், அழும். அடக்கி வைக்கக்குடாது. செய்யவேண்டியதை நான் செய்திட்டன்," என்றார். ஒரு நிமிடமாவது என் அப்பாவுக்காக அழுதிருப்பேன். பிறகுதான் அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன்.

மீசைக்காரருக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்தது. பக்கத்தில் ஒரு கடதாசிப் பூ. அவருடைய நெற்றியில், தொப்பி விளிம்புக்குச் சற்றுக் கீழே, சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமப் பொட்டு.

"அண்ணை," என்றேன், "இது அமெரிக்காக்காரன்."

அண்ணை படத்தை வெகுநேரம் பார்த்தார். "உம்மட அப்பா அமெரிக்காவிலயோ இருந்தவர்?"

விளக்கி முடிக்க நேரம் எடுத்தது. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஊரில் வீடெரிந்தவர்களுக்கு மிஞ்சுவது அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த இத்தனை சின்னப் படம்தானே. உயிரோடிருக்கும் மனைவி பிள்ளையின் படம் ஒரு கரையில். இவரை மட்டும் தனியே நடுவில் வைத்தால் வேறென்ன நினைப்பது? தொப்பியைக் கண்டு றெயில்வேயில் இருந்தவர் என்று நினைத்தாராம். நிறத்தைப் பற்றிக் கேட்டேன்.

"மங்கின படத்தில எல்லாரும் ஒரு நிறம்தானே தம்பி. இஞ்சை பாரும், கையை ஏந்திக்கொண்டு நிக்கிறார். திருநீறு வாங்கிற ஆள் எண்டு நினைச்சன். நீங்கள் வேதக்காரர் எண்டது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதுதான் மெழுகுதிரியும் கொளுத்தினனான்."

என் அப்பா அப்போது ஊரில் சைக்கிள் ஓடிக்கொண்டு திரிந்தார்.

மெழுகுதிரியை அணைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கீழ்விளிம்பில் மெழுகு இருந்தது. பிறகு, அது நானே துண்டில் எழுதிய பழைய கறை என்று நினைவு வந்தது. அண்ணையின் மெழுகுதிரி ஒரு சொட்டும் சிந்தவில்லை. பொட்டுத்தான் பிரச்சினை. அண்ணை மோதிர விரலால் அழுத்தி, வஞ்சகமில்லாமல் வைத்திருந்தார்.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன். திருத்த முயலாதே என்ற கட்டளை தெரியும். ஆனாலும் பரிசோதித்துப் பார்ப்பது திருத்துவதாகாது என்று எனக்குள் வாதாடினேன். இருவரும் சேர்ந்து துளை போட்டுத் தீர்ந்த பழைய றெயின் பயண அட்டைகளைத் தேடியெடுத்தோம். அவற்றில் அண்ணை வரிசையாகப் பொட்டு வைக்க, நான் அழித்துப் பார்த்தேன். ஒன்றில் பாண் துகள், ஒன்றில் ஈரப் பஞ்சு, ஒன்றில் பால், ஒன்றில் சவரம் செய்தபின் பூசும் திரவம். எல்லாவற்றிலும் பொட்டு பரந்து பெரிதாகியது. பின்னேரம் மேசை முழுக்கப் பொட்டு வைத்த பயண அட்டைகள் கலியாண வீட்டுப் பெண்களைப் போல வரிசையாக இருந்தன. மீசைக்காரரை நாங்கள் தொடவில்லை. காய்ந்த சந்தனத்தூள் தானாகக் கொட்டுண்டு போனது. குங்குமம் படத்துக்குள் இறங்கிவிட்டது.

"மனுசனிட்டைச் சொல்லப்போறீரோ?" என்றார் அண்ணை.

அடுத்த நாள் திங்கள். புதன்கிழமை முதலாம் திகதி. நான் சொன்னால் அந்த மாதக் கடிதம் போகாது. ஒருவேளை இனி எந்த மாதமும் போகாது. சொல்லாவிட்டால் துண்டில் ஒரு பொய் எழுதவேண்டும். பொய் எழுத எனக்குப் பயம் என்பதுதான் உண்மை; நேர்மை என்று மற்றவர்கள் பிற்பாடு அதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஹோல்கர் மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனது, பொட்டு, எல்லாம். அவர் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார். என்ன பொருள்? சந்தனமும் குங்குமமும். எந்த விரல்? மோதிர விரல். ஏன்? என் தகப்பனார் இறந்துவிட்டார் என்று நினைத்து. அவர் என் முகத்தைப் பார்த்தார். இறக்கவில்லை என்றேன்.

பேக்கரிக்கு ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. கோப்பிகூடப் போடவில்லை. முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இரண்டு விரல் தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது, தாள் கசங்கும் சத்தம், மறுபடி தட்டச்சு. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் இப்படியே. கேக் இல்லாத குற்றம் ஒன்று இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என்னை வேலையால் நிறுத்தும் கடிதத்தைத்தான் எழுதுகிறார், எனக்குப் புரியும் டேனிஷ் மொழியில் எழுதக் கஷ்டப்படுகிறார் என்று முடிவுகட்டினேன். வியாழக்கிழமை வெளியே வந்து ஒரே ஒரு விசயம் சொன்னார். அட்டை இங்கருடையது. சனிக்கிழமை நீயே ரண்டர்ஸுக்குப் போய் அவரிடம் சொல். பொட்டு வைத்தவரையும் கூட்டிக்கொண்டு போ.

அண்ணை வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகமாட்டார். விடிய எழும்பி, மிளகாய் போட்ட உருளைக்கிழங்கு றோல்ஸ் பொரித்தார். அந்த நாட்களில் றெயின் கடலில் கப்பலுக்குள் ஏறி மறுகரையில் இறங்கும். கப்பலுக்குள் எல்லாரும் இறங்கிச் சாப்பிடப் போக, நாங்கள் இருவரும் பிஸ்கற் ரின்னோடும் றோல்ஸ் பெட்டியோடும் றெயினுக்குள்ளேயே இருந்தோம். இரண்டும் மாறிப்போகக் கூடாது என்று நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இங்கர் அம்மையார் கதவைத் திறந்தபோது அண்ணை முதலில் றோல்ஸைக் கொடுத்தார். அம்மையார் அதைத் தட்டில் வைத்து முள்ளுக்கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டார். மிளகாய்க்குக் கண்ணீர் வழிந்தது. நான் அந்தக் கண்ணீரைக் கண்டு இன்னும் பயந்துபோய், நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி, அட்டையை மேசையில் வைத்தேன்.

அம்மையார் அட்டையை ஜன்னலருகே கொண்டுபோனார். உங்கள் தகப்பனார் என்றா இவர் நினைத்தார் என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மையார் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்தார்.

பிறகு சொன்னார். அவருடைய அம்மாவின் அண்ணன் பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர். சின்னத் தங்கைக்கு விளையாட இந்த அட்டைகளைக் கடிதத்தில் வைத்து அனுப்பினார். தன்னுடைய படம் ஒன்றுகூட அனுப்பவில்லை. பிறகு கடிதமும் நின்றது. ஒன்பது பேரில் இந்த ஆளின் சாடைதான் அண்ணனுக்கு இருந்ததாம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அம்மா அல்பத்தைத் திறந்து இந்த அட்டைக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்.

"அது வேறு யாரோ என்று அம்மாவுக்குத் தெரியும்," என்றார் அம்மையார். "வைப்பதற்கு வேறு படம் இல்லை."

நான் அண்ணைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அதுவரை குனிந்த தலை நிமிர்ந்தார். "தாய்மாமனோ?" என்று கேட்டார். பிறகு, "அப்ப பொட்டு வைச்சதில பிழையில்லை. ஆள்தான் கொஞ்சம் மாறிப்போச்சு," என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மையாருக்கு ஏதோ விளங்கியது போல இருந்தது. எட்டு அட்டைகளை விற்கச் சொன்னார். ஒன்பதாவதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். நாங்கள் புறப்படும்போது மீசைக்காரர் அவருடைய வானொலிப் பெட்டிக்கு மேலே, பொட்டோடு நின்றார்.

திங்கட்கிழமை ஹோல்கரிடம், அட்டை திரும்பி வராது என்று சொன்னேன். அமெரிக்காக்காரருக்கு அவர்தான் பதில் எழுதவேண்டும். அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பழைய துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மெழுகுக் கறைக்கு எதிரே 'காரணம் தெரியாது' என்று இருந்ததை வெட்டிவிட்டு, இங்கர் அம்மையார் சொன்னதை எழுதினேன். கீழே: 'நெற்றியில் சிவப்புப் புள்ளி. காரணம்: மரியாதை.' ஹோல்கர் வாசித்துவிட்டு, புரொண்பி என்று ஊரையும் சேர்க்கச் சொன்னார்.

அதன்பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு தாளைத் தந்தார். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிய கடிதத்தின் பிரதி. அதற்கு முன் அவர் எழுதிய கடிதங்களெல்லாம் இரண்டு வரி. இது ஒரு முழுப் பக்கம். முதலாம் திகதியே போயிருந்தது. கடைசிப் பகுதி எனக்கு மனப்பாடம்: 'இவர் தன் பிழையை நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். இப்படிப்பட்ட ஒருவரின் மனைவியும் மகளும் ஏன் இன்னும் இங்கே இல்லை என்பதை எனக்குத் தெரிவியுங்கள். காரணம் தெரியாது என்றால், தெரியாது என்றே எழுதுங்கள்.'

நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவர் கோப்பி போட்டிருந்தார். பிஸ்கற் வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டு முடித்ததும், கடையை விட்டு அட்டையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதன் காரணங்களை முக்கால் மணிநேரம் விளக்கினார்.

அந்தக் கடிதத்தால் எதுவும் உடனே நடந்துவிடவில்லை. அதன்பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் முதலாம் திகதிகள் வந்து போயின. ஒரு நாள் மத்தியானம் ஹோல்கர் பேக்கரியிலிருந்து வந்தார். கையில் இருந்த பெட்டியைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. மூன்று அடுக்கு, மேலே பழம், சுற்றிவரக் கிறீம். அப்படி ஒரு கேக்கை அந்தக் கடை கண்டதில்லை. அதற்கேற்ற குற்றம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த கோப்பைகளை வெப்பமூட்டிக்குப் பின்னால் ஒளித்தது. ஒரு நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அவருடைய குடையை எஸ்-றெயினில் விட்டுவிட்டு, களவு போய்விட்டது என்று சொன்னது. ஹோல்கர் இடைமறிக்கவில்லை. நான் முடித்ததும், குடையைத் தவிர மற்றதெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். கேக்குக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. பதிலின் பிரதியைக் கடைக்கும் அனுப்பியிருந்தார்கள்.

சிவபாதம் அண்ணைக்கு அதே மாதம் வந்தது. தன்னுடைய கணக்குப் பிழைக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விமான நிலையத்தில் றெஜினாவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை ஒளிந்து நின்றது. என் சட்டைப்பையிலிருந்த படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுவும் கையில் என்னுடைய பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. நான் மீசையை எடுத்து இரண்டு வருடமாகியிருந்தது.

அன்று பின்னேரம் கடைத் துண்டு ஒன்றை எடுத்து எழுதினேன். இன்றும் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

காண்பது: பெண் குழந்தை. நீலக் கம்பளிச் சட்டை, அளவில் பெரியது.

காலம்: இன்று.

குறைகள்: முன்பல் இரண்டு இல்லை. தகப்பனை அடையாளம் தெரியவில்லை.

காரணம்: தெரியும்.

அடியில், சிவப்பு மையில், எல்லாத் துண்டுகளிலும் உள்ளது போலவே: திருத்த முயலாதே.